சுவரில் ஒரு குறடு குறைவு

காலை ஏழரை மணி, காணாமற்போன குறடு ஒன்று, அதிபர் திருமதி யோகேஸ்வரி: வெள்ளவத்தையில் ஒரு பெண்கள் பாடசாலையின் கருவி அறைக்குப் பொறுப்பாசிரியையாக இருப்பதென்றால் இவ்வளவுதான். பொதுச் சாமானுக்குக் காவலிருந்த எவருக்கும் இது புரியும்.

ஒவ்வொரு கருவிக்கும் ஆணியடித்து, அதன் உருவத்தைச் சுவர்ப் பலகையில் கறுப்பு மையால் வரைந்திருந்தேன். எது இல்லையென்று பார்த்தவுடன் தெரியவேண்டும். அதிபருக்குத் தெரிந்துவிட்டது. "வாணி விழாவண்டு திரும்ப வருவன். அண்டைக்கும் குறைஞ்சால் அறையைப் பூட்டிப்போடுவன், டீச்சர்" என்றார்.

வெள்ளை பெயின்ற்

அதிகம் பயந்தவள் பத்தாம் வகுப்பு ரிஸ்னா. மட்டக்குளித் தொடர்மாடி வீட்டில் வயரும் மோட்டாரும் பரப்பிவைக்க அவளுக்கு இடமில்லை. பாடசாலை விட்டபின் இந்த அறைதான்.

மறுநாள் சுவரில் வெற்றிடமே இல்லை. குறடு வரவில்லை, அதன் உருவத்துக்கு மேல் வெள்ளை பெயின்ற் பூசி, ஆணியையும் கழற்றியிருந்தாள். "இப்ப ஒண்டும் கொறயல்லதானே, டீச்சர்?"

ஐஸ்கிரீம் டப்பா

ஸ்குரூ ஆணிகள் போட்டுவைக்க வெறும் டப்பாக்கள் கேட்டிருந்தேன். எங்கள் வீடுகளில் ஐஸ்கிரீம் டப்பா ஒருநாளும் வெறுமையாவதில்லை என்பதை மறந்துவிட்டேன். ஒருநாள் தனுஜா என்ற மாணவியின் அம்மா வந்தார். மகள் கொண்டுவந்து தந்த டப்பாவிலிருந்த ஆணிகளை மேசையில் கொட்டிவிட்டு அதைத் தன் பைக்குள் வைத்தார். மகள் சொல்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்த எங்கள் குறட்டை அதே பையிலிருந்து வெளியே எடுத்தார். "உங்கட குறடு என்ர குசினியிலை, என்ர டப்பா உங்கட மேசையிலை. நல்லா ஒழுங்குபடுத்தப் பழக்கிறியள், டீச்சர். நான் மீனை எதுக்குள்ள வைக்கிறது?"

பூசையில் வைத்தது

ரிஸ்னா மறுபடி ஆணியடித்து உருவத்தை வரைந்தாள். சுவர் நிறைந்தது. வாணி விழாவன்று காலை போய்ப் பார்த்தால் ஒரு கருவியும் இல்லை. மாணவிகள் எல்லாவற்றையும் மண்டபத்தில் சரஸ்வதி படத்தின் முன் அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார்கள். இனி பூசை முடியாமல் தொடக்கூடாது. அதற்குள் அதிபர் வந்து வெறும் ஆணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லாம் பூசைல ஈக்கிது மிஸ், வந்து எண்ணிப் பாருங்க" என்றாள் ரிஸ்னா.

அதிபர் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டபத்துக்குள் போனார், எண்ணினார், குறட்டை மட்டும் இன்னொருமுறை பார்த்தார். "ஒண்டும் குறையேல்லை. சரஸ்வதி பொறுப்பெடுத்த சாமானை நான் என்னெண்டு பூட்டுறது?"

தை மாதம் பாடசாலை தொடங்கிய நாளிலிருந்து அதிபர் சொன்னபடி அறை மூன்று மணிக்குப் பதிலாகப் பின்னேரம் ஐந்து மணிவரை திறந்திருக்கிறது. அவதிப்பட எனக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் கூடியிருக்கிறது.