வேலையை விட்டவனைக் கொண்டுபோய் விட்டவர்

குணமண்ணை நெஞ்சுவலியில் செத்துப்போனார் என்று செய்தி வந்தபோது நான் ஒரு உழவு இயந்திரத்துக்குக் கீழே கிடந்தேன். "நெஞ்சுவலியோ? அடிபாட்டில இல்லையோ?" என்று கேட்டுவிட்டேன். பிறகுதான் அழுகை வந்தது.

பரந்தனில் அவருடைய வாகனம் திருத்தும் கராச்சுக்கு வந்துபோன உங்களுக்கு அந்தக் கையையும் வாயையும் தெரியும். அவரிடம் வேலை செய்த நாங்கள் ஸ்பனர் கேட்டால் எறிவார். ஒருமுறை அது என் நெற்றியைக் கிழித்தது. "ஏன்ரா குனியேல்லை?" என்று என்னைத்தான் ஏசினார். தன் சாரத்தைக் கிழித்துக் கட்டி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனதும் அவர்தான். என் மனிசி, "அண்ணை, இவரை உடைக்க நான் ஒருத்தி காணாதோ?" என்றாள். அன்றோடு எறிவதை நிறுத்தினார். ஏச்சை நிறுத்தவில்லை.

அறுவடை தொடங்கினால் கராச்சுக்காரர் தொழில் தெரிந்த ஆட்களுக்காக அடிபடுவார்கள். காசு கூட்டி இழுப்பார்கள். விலக வெளிக்கிட்டால் அடையாள அட்டையைப் பறித்து வைப்பார்கள். குணமண்ணையின் வழக்கம் வேறு. போகிறேன் என்றவனைத் தாய் தகப்பன் வரைக்கும் ஏசுவார். ஏசி முடிய, தன் மோட்டார் சைக்கிளிலேயே ஏற்றிப் புது முதலாளியிடம் கொண்டுபோய் விடுவார். "நல்ல வேலைக்காரன். கை வச்சியோ, நான் வருவன்" என்பார்.

"என்னண்ணை, தொழில் பழகினவனைத் தாரைவார்க்கிறியள்?" என்று கேட்டேன்.

"மனமில்லாமல் நிக்கிறவன் பூட்டுற பிரேக் பிடிக்குமோடா?"

எங்கள் வெல்டர் அன்ரன், முல்லைத்தீவுக் கரைப் பிள்ளை, அப்படித்தான் கிளிநொச்சியில் ஒரு கராச்சுக்குப் போனான். பிறகு அங்கிருந்தும் விலகப் போகிறேன் என்றதற்கு, அந்த முதலாளி அவனை அறைக்குள் பூட்டி வைத்து அடிக்கிறான் என்று பக்கத்துக் கடைக்காரர் தொலைபேசியில் சொன்னார். குணமண்ணை இரும்பு அலவாங்கைத் தூக்கினார். நான் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினேன். சண்டையை விலக்குப் பிடிக்கத்தான் போனேன் என்று மனிசிக்கு இன்றுவரை சொல்கிறேன்.

முதல் அடியில் அந்த அறையின் பூட்டு உடைந்தது. அடுத்த அடியை நான் பார்க்கவில்லை. என் முகத்தில் அந்த முதலாளியின் ஆள் ஒருவன் ஏறி இருந்தான். என் முன்பல் அங்கேதான் கிடக்கிறது. குணமண்ணையின் இடது கையை இரும்புக் குழாயால் முறித்தார்கள். அது தொங்கத் தொங்க, மற்றக் கையால் அந்த முதலாளியின் கழுத்தைச் சுவரோடு நெரித்தார். "வருவன் எண்டு சொன்னனான் எல்லே!" நான் இழுத்திராவிட்டால் கொன்றிருப்பார்.

அன்ரனின் ஒரு கண் மூடிப்போய், காதால் இரத்தம் வந்தது. "திரும்பி வரட்டோ அண்ணை?" என்றான்.

"முதல் ஆஸ்பத்திரி. பிறகு யோசி. நீ வரவேணுமெண்டு நான் அடிபடேல்லை."

அன்ரன் வந்தான். அதன்பிறகு குணமண்ணை இருந்தவரை எங்களில் ஒருவரும் வேறு இடம் தேடவில்லை.

இப்போது கராச் என் பொறுப்பில். குணமண்ணையின் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த மறுநாள் அதே அன்ரன் என் முன்னால் வந்து நின்றான். "அண்ணை, வவுனியாவில ஒரு கராச்சில கூடுதல் காசு தாறமெண்டு கேக்கினம். போகப்போறன்."

முற்றம் முழுக்க உடைந்த இயந்திரங்கள். அவன் போனால் பாதி வேலை நின்றுவிடும். கையில் இருந்த சுத்தியலைச் சுவரில் எறிந்தேன். நான் ஏசிய ஏச்சுக்குக் குணமண்ணையே காதைப் பொத்தியிருப்பார். அன்ரன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஏசி முடிய மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தேன்.

"ஏறடா."

வவுனியா முதலாளி என்னைவிட இரண்டு மடங்கு தடிப்பு. "கை வச்சியளோ, நான் வருவன்" என்றேன்.

அன்ரன் திரும்பி வருவானோ தெரியாது. குணமண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு பேச்சும், அதைச் சொன்னால் போய் அடிபட வேண்டும் என்ற பயமும்தான்.