வயிற்றில் இன்னொரு துடிப்பு

1997 தை மாதம். நெசவாளி சுப்பராயலு மூச்சு வாங்கத் தறியை நிறுத்தினார். கையையும் காலையும் அசைக்கவில்லை. ஆனாலும் வயிற்றை ஒட்டியிருந்த தறியின் உருளை மரத்தில் சுருட்டிய பட்டுப்புடவை மெல்ல ஏறி இறங்கியது.

மனைவி உண்ணாமலையைக் கூப்பிட்டார். அவள் அவருடைய தொப்புளுக்கு மேல் உள்ளங்கையை வைத்தாள். உள்ளிருந்து ஏதோ முட்டியது. வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள்.

வேலூரில் ஸ்கேன் பார்த்த டாக்டர், வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக் குழாய் பலூன்போல வீங்கியிருக்கிறது என்றார்.

"வலியே இல்லீங்களே சார்."

"வெடிக்கிற வரைக்கும் வலிக்காதுங்க. வெடிச்சா இங்க வந்து சேர்றதே கஷ்டம். இப்பவே ஆபரேஷன் பண்ணா நூத்துல அஞ்சாறு பேர் தவறிடறாங்க. மத்தவங்க பொழைச்சிக்கறாங்க."

வார்டில் பக்கத்துக் கட்டிலில் சேத்துப்பட்டு விவசாயி பச்சையப்பன். அவருக்கும் அதே வீக்கம். "நடந்துகினு இருக்கற ஆளை எதுக்குங்க அறுக்கணும்? நெல்லு அறுப்பு முடியட்டும், வரேன்" என்று சிரித்தபடி பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சுப்பராயலு அறுத்துக்கொண்டார். வீங்கிய இடத்தில் நூலால் நெய்த குழாய் ஒன்றை வைத்துத் தைத்தார்கள். பிழைத்து வீடு வந்தும் நிம்மதியில்லை. வயிறு துடிப்பில்லாமல் கிடந்தது அவருக்குப் பயமாக இருந்தது.

"நான் இருக்கேனா, பாரு."

"இருக்கீங்க. சாப்பிடுங்க" என்பாள் உண்ணாமலை.

சித்திரையில் ஒரு மத்தியானம் தறியில் சும்மா உட்கார்ந்திருந்தார். புடவை ஏறி இறங்கத் தொடங்கியது. உண்ணாமலை ஓடிவந்து அவர் வயிற்றைத் தொட்டாள். அங்கே ஒன்றுமில்லை. மரத்தைத் தொட்டாள். அதுதான் துடித்துக்கொண்டிருந்தது. பிறகு சட்டென்று நின்றது.

அடுத்த முறை வேலூர் போனபோது வார்டு நர்ஸ் சொன்னாள்: அதே மத்தியானம் பச்சையப்பன் வயிற்றுவலியோடு வேலூர் பஸ் ஏறியிருக்கிறார். ஆரணி தாண்டி, கண்ணமங்கலம் வருவதற்குள் ஜன்னலோர சீட்டிலேயே உயிர் போய்விட்டது.

சுப்பராயலு சேத்துப்பட்டுக்குத் துக்கம் கேட்கப் போனார். பச்சையப்பனின் மனைவி கன்னியம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணா. அந்தத் தையலக் கொஞ்சம் காட்டுங்க."

அவர் சட்டையைத் தூக்கினார். நெஞ்சுக்குக் கீழிருந்து அடிவயிறு வரை அவள் விரல் மெதுவாக இறங்கியது.

"இவ்ளோதானா?" என்றாள்.

அவர் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

அதன்பிறகு பதினோரு வருஷம் இருந்தார். ஸ்கேனுக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரமாட்டார். காலியாக இருந்தாலும், அங்கே ஆள் இருக்கிறது என்பார். கடைசியில் நெஞ்சுவலியில் போனார். வயிற்றில் வைத்த குழாய்க்கு எந்தக் குறையும் வரவில்லை.