தண்ணி லாரியை முதலில் பாடியவர்

கடத்தூருக்கும் தருமபுரிக்கும் நடுவே ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் காளியப்பன் டிரைவர். வயது ஐம்பத்தொன்று. பஸ்ஸில் என்ன பாட்டு ஓட வேண்டும் என்பது டிரைவரின் உரிமை. இருபது வருடத்தில் அவர் அதை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. போன சித்திரையில் அந்த உரிமை போயிற்று.

"அண்ணா, அந்தத் தண்ணி லாரி பாட்டு இல்லீங்களா?" என்று முதலில் கேட்டவள் நர்சிங் படிக்கும் ஒரு பெண்.

"அதெல்லாம் இல்லம்மா."

"எங்கிட்ட இருக்குது, குடுங்க" என்று கண்டக்டர் ராஜா தன் போனை ஸ்பீக்கரோடு இணைத்துவிட்டான். மறுவாரம் காய்கறிக் கூடையோடு ஏறும் பெண்கள் கேட்டார்கள். அதற்கு அடுத்த வாரம் யாரும் கேட்கவே வேண்டியிருக்கவில்லை, ராஜாவே போட்டான். காளியப்பன் கண்ணை ரோட்டை விட்டு எடுக்காமல் ஓட்டினார். அந்தப் பாட்டை முதன்முதலில் பாடியவர் அவர்தான் என்பது பஸ்ஸில் ஒருவருக்கும் தெரியாது.

தொண்ணூறுகளில் தருமபுரியில் கல்லூரித் தோழர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ராக் குழு வைத்திருந்தார்கள். லீட் கிட்டார் பிரபாகர், டிரம்ஸ் கிருஷ்ணப்பன், பின்னால் நின்று ரிதம் கிட்டார் வாசிப்பவன் தமிழ்மணி, முன்னால் மைக்கில் காளியப்பன். திருவிழா மேடையில் சினிமாப் பாட்டு கேட்ட ஜனங்களுக்கு இவர்கள் சொந்தப் பாட்டைப் பாடியதால், கல்லு விழும்டா என்று ஊரில் கேலி செய்தார்கள். விழட்டும், கல்மழையே விழட்டும் என்று 'ஆலங்கட்டி' என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். தொண்ணூற்றெட்டில் ஒரு கேசட் வந்தது. அதில்தான் 'தண்ணி லாரி'. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு லாரிக்குக் காத்திருக்கும் பாட்டு. கடைசியில் 'வருமா' என்ற ஒரு சொல்லைக் காளியப்பன் உச்சத்தில் பதினெட்டு நொடி இழுத்து நிறுத்துவார். அவர் நிறுத்தும் முன்பே கைதட்டல் ஆரம்பித்துவிடும்.

அடுத்த வருடம் அப்பாவின் போர்வெல் வற்றிப் போய் நிலக்கடலை காய்ந்தது. காளியப்பன் லாரி ஓட்டப் போனார். குழு கலைந்தது. நான் போனதும் அவனுங்களால நிக்க முடியல என்பதை அவர் கல்யாணத்துக்குப் பிறகு மனைவி யுவராணியிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். வருத்தப்படுகிற மாதிரிதான் சொல்வார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, பெங்களூரில் வேலையில் இருக்கும் பிரபாகர் ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பித்தான். மறுபடியும் சேர்ந்து ஒரு ஆல்பம் போடலாம், யார் யார் வர்றீங்க என்று ஒரு செய்தி. கிருஷ்ணப்பன் கட்டைவிரல் போட்டான். தமிழ்மணி, இப்போது அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார், 'ரெடி' என்று எழுதினான். காளியப்பன் படித்தார். பதில் போடவில்லை.

"போயிட்டு வாங்களேன்" என்றாள் யுவராணி. அவள் அங்கன்வாடியில் வேலை செய்கிறவள். முப்பது குழந்தைகளின் வீம்பைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருபவள்.

"முறையா வந்து கூப்புடட்டும். பாட்டே நான் பாடினது. போன்ல கூப்புட்டா ஓடணுமா? காது குத்துக்கே வூட்டுக்கு வந்து தட்டு வெச்சுத்தான் கூப்புடறாங்க."

"அவங்க என்ன மாப்ள வூட்டாரா?"

"மரியாதைன்னு ஒண்ணு இருக்குதில்ல."

ஒரு மாதம் காத்திருந்தார். சட்டையைக்கூட மடித்து வைத்திருந்தார். யாரும் வரவில்லை. படித்தும் பதில் போடாதவனுக்கு விருப்பமில்லை என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 'மறுமழை' வெளிவந்தது. ஏழு பாட்டு, அதில் 'தண்ணி லாரி'யும் ஒன்று. பாடியவன் தமிழ்மணி.

தமிழ்மணிக்கு என்ன குரல்? கோரஸில் அவன் பாடினால் மைக்கைத் தள்ளி வைத்துக்கொள்ளச் சொன்னவர் காளியப்பன். வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து, ஹெட்போன் மாட்டி, முதல்முறை கேட்டபோது அவர் காத்திருந்தது அந்த 'வருமா'வுக்குத்தான். தமிழ்மணி அதை இழுக்கவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்பது போல, தாழ்ந்த குரலில், ஒரு தடவை கேட்டுவிட்டு நிறுத்திவிட்டான். அதற்குப் பிறகு டிரம்ஸ் மட்டும் கொஞ்ச நேரம். காளியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. மேல போக முடியல அவனுக்கு என்று யுவராணியிடம் சொன்னார். செத்தது பாட்டு என்று நிம்மதியாகச் சாப்பிட்டார்.

பாட்டு சாகவில்லை. யூடியூபில் அதன் கீழே ஆயிரக்கணக்கில் எழுதினார்கள். கேசட் காலத்து ஆட்கள் சிலர், இது ராக்கே இல்லை, கிழவர்கள் முணுமுணுக்கிறார்கள் என்றார்கள். அவற்றை மட்டும் காளியப்பன் தேடித் தேடிப் படித்தார். ஒவ்வொன்றுக்கும் லைக் போட்டார். ஆனால் மேலே நின்றவை வேறு. 'எங்கம்மா இப்படித்தான் கேக்கும்.' 'இப்ப ஒகேனக்கல் தண்ணி குழாயில வருது, ஆனாலும் இந்தக் கடைசி வார்த்தையில தொண்டை அடைக்குது.' 'அந்த ஒத்த வருமா போதும்.' யாரோ ஒருவர் மட்டும் பழைய பாடகர் எங்கே என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே இன்னொருவர் பதில் சொல்லியிருந்தார்: 'பழைய பாடகரா, யாரு அது?'

அந்தக் கேள்வியைக் காளியப்பன் மூன்று நாள் தூக்கிச் சுமந்தார். பிரேக்கை அழுத்தி மிதித்தார், முன்னால் போன மொபெட்காரரைத் திட்டினார். நான்காம் நாள் சாயங்காலம், யுவராணி துணி மடித்துக்கொண்டிருந்தபோது, கட்டிலில் கிடந்த அவள் போனை எடுத்து எழுதினார்: 'பழைய பாடகர் சிங்கம். இது வாத்தியார் வாய்ப்பாடு சொல்ற மாதிரி இருக்குது.' அனுப்பிய பிறகுதான், பக்கத்தில் யுவராணியின் பெயரும், அவள் மஞ்சள் புடவையில் சிரிக்கும் படமும் இருப்பதைப் பார்த்தார். அழிக்கத் தெரியவில்லை.

காலையில் அங்கன்வாடி ஆயா யுவராணியிடம் கேட்டாள்: "டீச்சர், நீங்க ராக்கெல்லாம் கேப்பீங்களா?"

அன்று வீட்டில் சாப்பாட்டோடு கூட இதுவும் வந்தது. "பொறாமப்படறதுன்னா உங்க பேர்ல படுங்க. எம் மூஞ்சிய என்னாத்துக்கு முன்னால நிறுத்தறீங்க?"

"பொறாமையா? எனக்கா?"

"இல்லீங்க, எனக்குத்தான்" என்று ரசத்தை ஊற்றினாள்.

தமிழ்மணி அந்தக் கமெண்டைப் படித்தான். தன்னை வாத்தியார் என்று தெரிந்து எழுதியவர் யார் என்று பார்க்க, படம் ஒன்று போதுமாக இருந்தது; காளியப்பன் கல்யாணத்தில் பார்த்த முகம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவனும் பிரபாகரும் காரில் வந்து இறங்கினார்கள். கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, பூ, ஆப்பிள், வாழைப்பழம், குறைவில்லாமல்.

"தருமபுரியில மண்டபம் பேசிருக்கறோம்" என்றான் பிரபாகர். "ஆல்பம் முழுக்க மேடையில பாடறோம். நீ கட்டாயம் வரணும்."

காளியப்பன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "எந்தப் பாட்டு எனக்கு?"

பிரபாகர் தமிழ்மணியைப் பார்த்தான். "பாட்டில்லடா. உனக்குப் பொன்னாடை போத்தறோம். முதல் பாடகர்னு."

யுவராணி காப்பித் தட்டோடு வாசற்படியில் நின்றுவிட்டாள். காளியப்பன் வெற்றிலையைப் பார்த்தபடியே சொன்னார்:

"பொன்னாடை வேணாம். தண்ணி லாரில பின்னால நின்னு ரெண்டாங்குரல் பாடறேன். நீ முன்னால நில்லு, தமிழு."

அதைச் சொல்ல அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று யுவராணிக்குத் தெரியும். தமிழ்மணிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவள் நீட்டிய காப்பியை அவன் வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தான்.

"அது மட்டும் வேணான்டா."

"ஏன், எங்குரல் போயிருச்சா?"

"போயிருந்தா கூப்புட்டிருப்பேன்" என்றான் தமிழ்மணி. "அஞ்சு வருஷம் உம் முதுகப் பாத்துக்கிட்டே வாசிச்சவன். இருவத்தாறு வருஷம் அத நெனச்சுக்கிட்டே கணக்கு நடத்தினவன். அந்தக் கேசட்ட இன்னிவரைக்கும் நான் முழுசாக் கேட்டதில்ல, தெரியுமா? அந்த இழுப்பு வர்றதுக்குள்ள நிறுத்திருவேன். நீ பக்கத்துல வந்து நின்னீன்னா எவன் காதுல நான் விழுவேன்? இந்த ஒரு பாட்டு எங்கிட்டயே இருக்கட்டும்."

பிரபாகர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். யுவராணி அவனிடம் காப்பியை நீட்டி அடக்கினாள்.

காளியப்பன் தமிழ்மணியை நன்றாகப் பார்த்தார். தலை நரைத்து, சட்டைப்பையில் சிவப்புப் பேனாவோடு ஒரு வாத்தியார். இத்தனை நாளாகத் தான் மட்டுமே எரிந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தார். பாட்டு கிடைக்காத வலி அப்படியேதான் இருந்தது. ஆனால் அதன் பக்கத்தில் ஒரு சின்னத் திருப்தியும் வந்து உட்கார்ந்தது. நல்ல திருப்தி என்று அதைச் சொல்ல முடியாது.

"முழுசாக் கேட்டதே இல்லியா?"

"இல்ல."

"சரி, காப்பியக் குடி. ஆறுது."

தட்டை அவரே எழுந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கார் போன பிறகு யுவராணி கேட்டாள்: "போவீங்களா?"

"கூப்புட்டிருக்கறாங்கல்ல. போவாம என்ன."

"கை தட்டுவீங்களா?"

அவர் ஒரு வாழைப்பழத்தை உரித்தார். "அவன் பாடறதப் பொறுத்து" என்றார்.