குளிப்பதற்கு முன் போட்ட ஊசி

எழுபதுகளின் தொடக்கத்தில், லஸ் பக்கம் இருந்த ஒரு டாக்டரின் கிளினிக்கில் நர்ஸாக இருந்தேன். படிப்பு முடித்து அதிக நாளாகவில்லை. காலையில் கிளினிக் திறப்பதற்கு முன் மயிலாப்பூர் வீடுகளுக்குப் போய்ச் சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலின் போட்டுவிட்டு வருவது என் பொறுப்பு. பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று படுக்கையிலேயே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வேன்: கண்ணாடி சிரிஞ்சு, ஊசிகள், அவற்றைக் கொதிக்கவைக்கும் எவர்சில்வர் டப்பா, ஸ்பிரிட், பஞ்சு, சோதனைக் குழாய், அதைப் பிடிக்கும் இடுக்கி, நீலக் கரைசல், தீப்பெட்டி. எல்லாம் இருந்தால் மனம் அமைதியாகிவிடும். அந்த அமைதி ஒரே ஒரு வீட்டு வாசலில் மட்டும் கலைந்துபோகும்.

மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த வீடு அது. ஐம்பதை நெருங்கும் ஒரு மாமியும் அவர் கணவரும் மட்டும் இருந்தார்கள். ஒரே மகள் கல்யாணமாகி வடக்கே போயிருந்தாள். மாமிக்குத்தான் ஊசி. என் சுற்றில் முதல் வீடும் அதுதான். விடிவதற்கு முன்பே வரச் சொல்லியிருந்தார். காரணத்தை முதல் நாளே சொல்லிவிட்டார்.

"குளிச்சு மடி உடுத்திண்டா அப்பறம் நீ என்னைத் தொடப்படாது. அதனால அதுக்கு முன்னாடியே வந்து குத்திட்டுப் போயிடு. தப்பா எடுத்துக்காதேம்மா."

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பல வீடுகளில் பல ஏற்பாடு. ஒரு வீட்டில் மாடிப்படியில் உட்கார்ந்துதான் கையை நீட்டுவார்கள். இங்கே குளிப்பதற்கு முன். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

கொல்லைப்புறத்தில், துவைக்கிற கல்தான் என் சோதனைச்சாலை. மாமி ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில் காலைச் சிறுநீரை எடுத்துவைத்திருப்பார். குழாயில் நீலக் கரைசலை ஊற்றி, அதில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைத்தால் நிறம் மாறும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிக்கொண்டே போய், செங்கல் நிறம் வந்தால் ஏகப்பட்ட சர்க்கரை. மாமியின் குழாயில் எப்போதும் செங்கல்தான். நிறத்தை டாக்டரிடம் சொல்வேன். அவர் மருந்தின் அளவைக் கொஞ்சம் கூட்டுவார். மறுநாளும் செங்கல். மறுபடியும் கூட்டுவார்.

இன்சுலின் பாட்டில் ஈர மணல் நிரப்பிய ஒரு மண் சட்டிக்குள் குளிர்ச்சியாக இருக்கும். ஒருநாள் அதைத் துடைத்துக் கொடுத்தபடியே மாமி கேட்டார்.

"ஏண்டிம்மா, இதை எதுலேர்ந்து பண்றா?"

மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார். "வேண்டாம், வேண்டாம். சொல்லாதே. தெரியாம இருந்தாத்தான் போட்டுக்க முடியும்."

இப்படி நறுக்கென்று பேசுகிற, தெளிவான பெண்மணி. அதனால்தான் சந்து முனையில் நின்ற சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் சொன்னதை முதலில் நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

"இன்னா நர்ஸம்மா, நேத்து மாமி அய்யரோட சொக்காயெல்லாம் தூக்கித் தெருவுல கடாசிடுச்சே, தெரியாதா? அவரு பாவம் துண்டோட நின்னுகினு கீறாரு. தெருவே வேடிக்க பாக்குது."

"சும்மா இருங்க. நேத்துக் காலைல நான் பார்த்தேன், நல்லாத்தான் இருந்தாங்க."

"நீ போற வரைக்கும் நல்லாத்தான் கீது. நீ போன பொறவுதான் மாமிக்கு ஏறுது. ஊசில இன்னாத்தம்மா கலக்குற நீ?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்கு அன்று முழுக்க அது நெஞ்சில் இருந்தது.

சில நாள் கழித்து மாமியின் கணவரே என்னை வாசலில் நிறுத்தினார். மவுண்ட் ரோட்டில் ஏதோ கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தார். சன்னமான மனிதர். குரல் அதைவிடச் சன்னம்.

"உள்ள அவ காதுல விழப்படாது. காலம்பற எட்டு எட்டரைக்கு மேல இவ இவளா இல்லேம்மா. பீரோவைத் திறந்து என் துணியெல்லாம் எடுத்து வெளில போடறா. 'இது என் அப்பா கட்டின வீடு, நீங்க கும்பகோணத்துக்கு உங்க அண்ணாகிட்டப் போங்கோ'ங்கறா. சாப்பிட்டு எழுந்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி வெத்தலை மடிக்கறா. கேட்டா ஞாபகம் இல்லேங்கறா."

வீடு மாமியின் அப்பா கட்டியதுதான். கணவர் கல்யாணமாகி அங்கேயே தங்கிவிட்ட மாப்பிள்ளை. அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆபீஸ்ல ஒருத்தர் மனநோய் டாக்டர்கிட்டச் சொல்லி வெச்சிருக்கார். திங்கட்கிழமை அழைச்சுண்டு போறேன். அங்கேயே வெச்சுக்கணும்னு சொன்னா வெச்சுக்கட்டும். நேக்கு வேற வழி தெரியலை."

திங்கட்கிழமைக்கு அதிக நாள் இல்லை. டாக்டரிடம் சொன்னேன். அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

"இன்னிக்கு நிறம் என்ன?"

"செங்கல், டாக்டர்."

"சர்க்கரை அவ்வளவு ஏறிக் கிடக்கு. குறைஞ்சிருந்தா மயங்கும், உளறும், சரி. இங்க குறையலையே. அப்ப இது நரம்போ மனசோதான். கூட்டிட்டுப் போகட்டும்."

எனக்கும் அது சரியாகவே பட்டது. ஆனாலும் பஸ்ஸில் போகும்போதெல்லாம் வகுப்பில் மனப்பாடம் செய்ததை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். சர்க்கரை குறைந்தால் வியர்வை, நடுக்கம், பசி, எரிச்சல், புத்தி தடுமாற்றம். ஏறினால் தாகம், அடிக்கடி சிறுநீர், களைப்பு. குழாயைப் பார்த்தால் மாமி இரண்டாவது வரிசையில் இருந்தார். கணவர் சொல்வதைக் கேட்டால் முதல் வரிசையில் இருந்தார். ஒரே ஆள் ஒரே காலையில் இரண்டிலும் எப்படி இருக்க முடியும்? எனக்குப் புரியவில்லை. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அதற்கப்புறமும் புரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. நான் ஊசி போட்டு முடிப்பதற்குள் சந்தில் முழங்காலளவு தண்ணீர். "எங்க போகப் போறே, கூடத்துல உக்காரு" என்றார் மாமி. பாய் ஒன்றை விரித்துக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். அந்த வீட்டின் காலையை நான் பார்த்தது அன்றுதான்.

ஈரப் புடவையோடு வந்தார். அடுப்பு மூட்டினார். பருப்பு வெந்தது. விளக்கேற்றி சுலோகம் சொன்னார். நடுவில் கறிகாய் நறுக்கினார். மறுபடியும் சுலோகம். சாம்பார் கொதிக்கும் வாசனை வந்தது. என் வயிறு கூவியது. மாமி எதையும் வாயில் போடவில்லை. ஊசிக்கு முன்னால் சர்க்கரையில்லாத காபி ஒரு டம்ளர் குடித்திருந்தார், அதோடு சரி. சாமிக்குக் காட்ட வேண்டும், பிறகு காக்கைக்கு, பிறகு கணவருக்கு, அவர் சாப்பிட்டு எழுந்தபின் அதே இலையில் மாமிக்கு. ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். 'நான் பாத்துக்கறேன்' என்றிருந்தார். அவர் பார்த்துக்கொண்டது இதைத்தான்.

எட்டு மணிக்கு மேல் இருக்கும். சுலோகம் ஒரே வரியில் நின்று, அதே வரி திரும்பத் திரும்ப வந்தது. பிறகு அதுவும் நின்றது. மாமி சமையலறையிலிருந்து வெளியே வந்து, நேராக பீரோவுக்குப் போனார்.

"பாத்தியாம்மா, ஆரம்பிச்சாச்சு" என்றார் கணவர், பேப்பரை மடித்துக்கொண்டே.

சட்டைகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. "கெளம்புங்கோ. முப்பது வருஷமா விருந்தாளியா இருந்தது போறும். கும்பகோணம் வண்டி போயிடும், கெளம்புங்கோ." குரலில் கோபம்கூட இல்லை. ஸ்டேஷனில் போர்ட்டரிடம் பேசுவது போல இருந்தது. மழைக் குளிரில் நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தேன். மாமியின் நெற்றியில் வியர்வை ஓடியது. கை நடுங்கியதில் ஹாங்கர் பீரோக் கதவில் கடகடவென்று அடித்தது.

நாடி பார்க்கக் கையை நீட்டினேன்.

"தொடாதே! மடி!"

தான் இருப்பது வீடா ஸ்டேஷனா என்று தெரியாதவருக்கு அது மட்டும் தெரிந்திருந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"சார், சர்க்கரை எங்கே இருக்கு?"

"சர்க்கரையா? அவளுக்கா? விஷமாச்சேம்மா! சமையலுள்ளே மேடையில இருக்கு, ஆனா நான் இன்னும் குளிக்கலை, அங்க போகப்படாது."

கொடுத்து, உண்மையிலேயே சர்க்கரை ஏறியிருந்தால்? கொடுக்காமல், குறைந்திருந்தால்? ஏறியிருந்தால் ஒரு கரண்டியால் பெரிதாகக் கெட்டுவிடாது. குறைந்திருந்தால் நிமிஷங்கள்தான் இருக்கின்றன. இந்த ஒன்று மட்டும் வகுப்பில் சந்தேகமில்லாமல் சொல்லியிருந்தார்கள். சமையலறைக்குள் போனேன். டப்பாவிலிருந்து ஒரு பிடி சர்க்கரையை எடுத்துக்கொண்டு வந்து, மாமியின் தோளைப் பிடித்து, வாயில் போட்டேன். அவர் என் விரலைக் கடித்தார். இரண்டாவது பிடியை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். பாதி புடவையில் கொட்டியது, பாதி உள்ளே போனது.

கொஞ்ச நேரம் கழித்து மாமி தரையைப் பார்த்தார்.

"இந்தச் சட்டையெல்லாம் யார் இங்க கொண்டு வந்து போட்டா?" பிறகு என்னை. "நீ ஏன் ஈரக் கையோட நிக்கறே? உள்ள போனியா?"

"போனேன் மாமி."

"ஐயோ, பண்ணினதெல்லாம் போச்சே!" என்று மறுபடியும் குளிக்க எழுந்தார். அவரை உட்காரவைத்து, முதலில் ஒரு வாய் சாதம் சாப்பிடவைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. கணவர் ஒரு சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, மடிப்பதா மாட்டுவதா என்று தெரியாதவர் போல நின்றார்.

போவதற்கு முன் மறுபடியும் சிறுநீரை வாங்கிச் சோதித்தேன். ஆரஞ்சு. சர்க்கரை கொடுத்துத் தெளிந்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன். குழாயோ, உடம்பில் சர்க்கரை நிறைய இருக்கிறது என்றது. தண்ணீரில் நடந்து கிளினிக் போய்ச் சேர்ந்தபோது நான் மாமியைவிடக் குழம்பியிருந்தேன்.

டாக்டர் முழுக்கக் கேட்டார். "அவங்க எத்தனை மணிக்குச் சாப்பிடறாங்க?"

"ஒன்பதரைக்கு மேல, டாக்டர்."

"ஊசி விடியறதுக்கு முன்னாடி." கண்ணாடியைக் கழற்றினார். "இந்த ரெண்டையும் சேர்த்து என்கிட்ட யாரும் சொல்லலையே. ஏழு மணிக்கு இட்லி சாப்பிடறாங்கன்னுதான் நினைச்சேன். குழாய் பொய் சொல்லலைம்மா. ராத்திரி பூரா சிறுநீர்ப் பையில சேர்ந்தது அது, ராத்திரிக் கதையைத்தான் சொல்லும். அப்பறம் எடுத்ததும் விடியக்காலையிலேர்ந்து சேர்ந்ததுதான். இப்ப ரத்தத்துல என்ன இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்? நாம அந்தச் சிவப்பைப் பார்த்துப் பார்த்து டோஸை ஏத்தியிருக்கோம், அது வெறும் வயித்துல சர்க்கரையைக் கீழ இழுத்திருக்கு."

அளவைக் குறைத்தார். திங்கட்கிழமையை ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொன்னார்.

மாலையில் மாமியின் கணவரிடம் போய்ச் சொன்னேன். நம்பவில்லை. "நேத்து வரைக்கும் ஜாஸ்தி, ஜாஸ்தின்னேள். இன்னிக்குக் கொறைச்சல்ங்கறேள். நான் எதைம்மா நம்பறது?" ஒரு வாரம் மட்டும் கேட்டேன். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அடுத்த சிக்கல் மாமி. சாமிக்குக் காட்டாமல் சாப்பிட மாட்டார். குளித்தபின் என்னைத் தொடவிட மாட்டார். "சாப்பாட்டை முன்னாடி கொண்டு வாங்க" என்றால் முடியாது. "ஊசியைப் பின்னாடி கொண்டு போறேன்" என்றால் அதுவும் முடியாது. அரை மணி நேரம் வாதாடினோம். கடைசியில் மாமியே என் எவர்சில்வர் டப்பாவைத் திறந்து பார்த்தார்.

"இதைக் கொதிக்கத்தானே வெக்கறே?"

"ஆமாம்."

"கொதிச்சதுக்கு தோஷம் இல்லை. எங்காத்து அடுப்புல நானே கொதிக்க வெச்சுக்கறேன். நீ தள்ளி நின்னு சொல்லு. நானே குத்திக்கறேன்."

ஆரஞ்சுப் பழத்தில் பழகினார். கூடத்தின் இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவர். "இன்னும் சாய்ச்சுப் பிடிங்க மாமி", "காத்து இருக்கு, தட்டுங்க" என்று நான் கத்த, "கேக்கறது, செவிடில்லை" என்று அவர் கத்தினார். பூஜை முடிந்து, காக்கைக்கு வைத்து, கணவரோடு சேர்ந்தே இலை போட்டுக்கொள்ள ஒத்துக்கொண்டார். அதற்குச் சற்று முன் தொடையில் ஊசி. முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு குத்திக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க, மற்ற வீடுகளை முடித்துவிட்டு, நான் கூடத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். சட்டைகள் பீரோவிலேயே இருந்தன. மனநோய் டாக்டரிடம் போக வேண்டாம் என்று ஆபீஸ் நண்பரிடம் சொல்லிவிட்டதாகக் கணவர் வாசலில் வைத்துச் சொன்னார். சொல்லிவிட்டும் நகரவில்லை.

"ஒண்ணு கேக்கணும். அவ அப்பல்லாம் சொன்னாளே, அப்பா வீடு, விருந்தாளி... அதெல்லாம் சர்க்கரை கொறைஞ்சதாலதானே?"

"ஆமாம் சார்" என்றேன். வேறென்ன சொல்வது? சர்க்கரை குறைந்தால் உளறுவார்கள் என்று படித்திருக்கிறேன். எதை உளறுவார்கள், எங்கிருந்து எடுத்து உளறுவார்கள் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

அவர் கூடத்தில் பேப்பரோடு உட்கார, நான் உள்ளே போனேன். மாமி சாப்பிட்டு முடித்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு மழையில நான் என்ன சொன்னேன்? அவர் சொல்ல மாட்டேங்கறார். நீ சொல்லு."

தயங்கினேன். பிறகு அப்படியே சொன்னேன். கும்பகோணம் வண்டி வரைக்கும். மாமி கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப நேக்கு சர்க்கரை எப்படி இருக்கும்?"

"இப்பதானே சாப்பிட்டீங்க. சரியாத்தான் இருக்கும்."

"நெத்தி வேர்த்திருக்கா பாரு."

"இல்லை மாமி."

வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். கூடத்துப் பக்கம் திரும்பி, கணவருக்குக் கேட்கும்படியாகவே பேசினார், நிதானமான குரலில்.

"ஏன்னா, உங்க அண்ணாவைப் பாத்து எத்தனை நாளாச்சு? ஒரு மாசம் போய் இருந்துட்டுத்தான் வாங்கோளேன்."

கூடத்தில் பேப்பர் சரசரப்பு நின்றது. அவர் கதவோரம் வந்து நின்று மாமியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். நான் மாமியின் கையைப் பார்த்தேன். அது துளியும் நடுங்கவில்லை.