அவள் திருகி வைத்த டைமர்

வருசப் படையலுக்கு என்ன செய்யலாம் என்று பெரம்பலூரிலிருந்து மகள் போனில் கேட்டபோது, "கேக் வைக்கலாம், நானே சுடுறேன்" என்று சொல்லிவிட்டேன்.

"கடையில வாங்கிக்கலாம்பா. உங்களுக்கு வெந்நி வைக்கவே வராது."

"உங்கம்மா கடைக் கேக்க என்னைக்குத் தின்னுருக்கா?"

என் மனைவி கடைக் கேக்கைக் கண்டால் முகத்தைச் சுளிப்பாள். மகள் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் வாங்கிய சின்ன ஓவன் ஒன்று எங்கள் அரியலூர் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. ஜெயங்கொண்டத்து முந்திரியைப் பொடித்துப் போட்டு அதில் அவள் சுடும் கேக், கடைசி வரைக்கும் ஒரே ருசிதான். அவள் இறந்து ஒரு வருசம் ஆகப்போகிறது. அவளுக்குப் பிடித்ததைத்தான் அவள் படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். அதை நான்தான் செய்ய வேண்டும் என்று ஏனோ பிடிவாதம் வந்துவிட்டது.

நான் சிமெண்ட் ஆலையில் சூளைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சுண்ணாம்புக்கல்லை ஆயிரத்து நானூறு டிகிரியில் வேகவைத்தவனுக்கு நூற்றெண்பது டிகிரி ஒரு பொருட்டா என்று அவள் இருக்கும்போதே வாய் நீட்டியிருக்கிறேன். "உங்க சூளைய எட்டிப் பாக்க ஒரு ஊரே இருக்கு. எனக்கு யாரு இருக்கா?" என்பாள்.

அந்த ஓவனில் மூன்று திருகுகள் உண்டு. ஒன்று சூட்டுக்கு. இன்னொன்று மேல் கம்பியா, கீழ்க் கம்பியா, இரண்டுமா என்று தீர்மானிக்க. மூன்றாவது டைமர். அதைத் திருகினால்தான் உள்ளே கரண்ட் பாயும். பிறகு கடிகாரம் மாதிரி டிக் டிக்கென்று ஓடி, முடிந்ததும் மணியடித்து நின்றுவிடும். எங்கள் டைமருக்கு ஒரு நோய் இருந்தது. கடைசிப் பத்து நிமிடம் வரும்போது மாட்டிக்கொள்ளும். அவள் வேறு வேலையாகப் போகிற போக்கில் ஓவன் தலையில் உள்ளங்கையால் ஓங்கி ஒன்று வைப்பாள். மறுபடி ஓடும். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் எனக்கு, அந்தச் சத்தம் கேட்டால் கேக் வரப்போகிறது என்று அர்த்தம்.

அவள் இறந்த அன்றைக்கு மத்தியானமும் கேக்கை வைத்துவிட்டுத்தான் கொல்லையில் துணி எடுக்கப் போனாள். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "என்னங்க, நெஞ்சு என்னமோ பண்ணுதுங்க" என்றாள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோனோம். உயிரோடு திரும்பவில்லை. கருகல் வாசனை வந்து, பக்கத்து வீட்டம்மா உள்ளே போய்ச் சுவர் ஸ்விட்சை அணைத்திருக்கிறார். கேக்கை எடுத்து என்ன செய்தார் என்று நான் இதுவரை கேட்டதில்லை.

காரியமெல்லாம் முடிந்து, சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு சமையலறைக்குள் போனேன். டைமரின் முள் பத்தில் மாட்டி நின்றது. தட்ட ஆள் இல்லாமல் அப்படியே நின்றுவிட்டது. அவள் கையால் திருகிய நேரத்தில் கொஞ்சம் இன்னும் உள்ளே மிச்சம் இருக்கிறது.

அதற்குப் பிறகு அதை யாரையும் தொடவிடவில்லை. பழைய இரும்புக்காரனுக்குப் போடலாம் என்று மகள் சொன்னபோது கத்திவிட்டேன். காரணம் சொல்லவில்லை. சொன்னால் கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பாள். எங்கள் தெருவில் சுண்ணாம்புக்கல் லாரி போகும்போதெல்லாம் அலமாரிப் பாத்திரங்கள் கடகடவென்று ஆடும். நான் எழுந்து போய் முள் அங்கேயே நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். பல நாள் லாரி போகாதபோதும் டிக் டிக்கென்று கேட்டிருக்கிறது. போய்ப் பார்த்தால் ஓடாது.

கேக் சுடுவதில் எனக்கிருந்த ஒரே வசதி இதுதான். டைமர் பாதியில் நிற்பதால், சுவர் ஸ்விட்சைப் போட்டாலே ஓவன் சூடாகிவிடும். முதல் தடவை போட்டபோது, நான் எதையும் திருகாமலே சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே ஆள் இருப்பது போலிருந்தது. கொஞ்ச நேரத்தில் பழைய கேக் மாவு கருகும் வாசனை வந்தது. ஸ்விட்சை அணைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் மனசைக் கட்டுப்படுத்திக்கொண்டு ஆரம்பித்தேன். நேரத்தைப் போனில் வைத்துக்கொண்டேன். ஓவனைச் சூடேற்றாமல் மாவை வைத்ததால் முதல் கேக் செங்கல்லாக வந்தது. அடுத்தது நடுவில் பள்ளம். ஆலைப் பழக்கத்தில் நொடிக்கொருதரம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்ததுதான் காரணம். சாயங்காலம் வைத்த கேக், தெருவே மோட்டார் போட்டு வோல்டேஜ் விழுந்ததில் களியாகக் கிடந்தது. அதிலிருந்து காலையில்தான் சுடுவது என்று ஆயிற்று. மேல் கருகி உள்ளே வேகாமல் இருந்தபோது மேல் கம்பியை நிறுத்திவிட்டு, தட்டை ஒரு படி கீழே இறக்கினேன்.

அப்படியும் ஒரு மூலை கருகியது. ரொட்டித் துண்டுகளைத் தட்டு முழுக்கப் பரப்பி வைத்துப் பார்த்தேன். பின்பக்க இடது மூலைத் துண்டு மட்டும் கரியாயிருந்தது. ஆலைச் சூளை சுற்றிக்கொண்டே இருக்கும், அதனால் எல்லாப் பக்கமும் ஒரே சூடு. இது நிற்கிற சூளை. அப்படியென்றால் கேக்கைத்தான் சுற்ற வேண்டும். பாதி வெந்து, மேல் கொஞ்சம் கட்டியானதும் ஒரே ஒரு முறை திறந்து தட்டைத் திருப்பி வைத்தேன். அன்றைக்கு வந்த கேக்கைப் பார்த்து நானே அசந்துபோனேன். "பாத்தியா?" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் திரும்பினால், சமையலறையில் யாரும் இல்லை.

படையலன்று காலையிலேயே மகள் வந்துவிட்டாள். கேக் உள்ளே இருந்தது. தட்டைத் திருப்பி வைத்துவிட்டு, படத்துக்கு மாலை போட ஹாலுக்கு வந்தேன். மாலையைக் கையில் எடுத்திருப்பேன்.

சமையலறையில் 'டப்' என்று ஒரு சத்தம். உள்ளங்கையால் ஓங்கி வைத்த சத்தம்.

ஒரு கணம் நான் கேக் வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். கையில் மாலை இருக்கிறது என்பதே மறந்துவிட்டது. அதற்குப் பிறகு டிக் டிக் கேட்டது.

ஓடினேன். ஓவன் முன்னால் மகள் நின்றாள். கை இன்னும் அதன் தலைமேல் இருந்தது.

"மாட்டிக்கிட்டு நின்னுச்சுப்பா. அம்மா தட்டுற மாதிரி..." என்றவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"அது உங்கம்மா திருகுனது" என்றேன். "அன்னைக்குத் திருகுனது."

அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். திட்ட வேண்டும் என்று கோபம் வந்தது. ஆனால் அந்தக் கை வீச்சு அப்படியே அவள் அம்மாவுடையது. யாரைத் திட்டுவது?

முள் இறங்கிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வழியில்லை. இரண்டு பேரும் ஓவன் முன்னால் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். போகாதே, போகாதே என்று முள்ளிடம் கெஞ்சினேன்.

மணி அடித்தது. சிவப்பு விளக்கு அணைந்தது. அவள் திருகி வைத்தது தீர்ந்துபோனது.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கேக்கின் நடு இன்னும் ஈரமாகத் தளும்பிக்கொண்டிருந்தது. சூடு இறங்கினால் உள்வாங்கிவிடும். அன்றைக்கு அவள் வைத்த கேக்கும் முழுசாக வரவில்லை. இதுவும் வராமல் போனால், அவள் படத்துக்கு முன்னால் நான் என்னத்தை வைப்பேன்?

"அப்பா, நான் திருகட்டுமா?" என்றாள்.

"வேணாம்மா."

எழுந்து, ஒரு வருசமாகத் தொடாத அந்தத் திருகைப் பிடித்துத் திருப்பினேன். விளக்கு எரிந்தது. டிக் டிக்கென்று ஓடிய முள், பழைய இடத்துக்கு வந்ததும் மறுபடியும் மாட்டிக்கொண்டது.

மகள் என்னைப் பார்த்தாள். கையைத் தூக்கவில்லை.

நான் உள்ளங்கையால் ஓங்கி ஒன்று வைத்தேன்.