எஞ்சினுக்கு வந்த நல்ல தண்ணீர்

ஐம்பதுகளின் நடுவில், பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சின் டிரைவராக இருந்தேன். எஞ்சின் சூட்டைத் தணிக்க, பின்புறத் தொட்டியிலிருந்து இரும்புக் குழாய் வழியாகத் தண்ணீர் ஓடி, தொட்டிக்கே திரும்பி வரும். தோட்டத்தை நடத்திய பெரியதுரை மணலும் கரியும் போட்டு வடிகட்டி, கண்ணாடி மாதிரித் தண்ணீர் வரவைத்தார். அந்தச் சுத்தத் தண்ணீர்தான் குழாயை அரித்தது. சொன்னால் யார் நம்புகிறார்கள்?

கடைசியில் கொழும்பிலிருந்து மரப்பட்டைச் சாற்றில் செய்த ஒரு மருந்து வந்தது. ஊற்றினால் தண்ணீர் பால் விடாத பழைய சாயத்தண்ணி நிறமாகும், குழாயின் உள்ளே கறுப்பாக ஒரு படலம் பிடிக்கும், துரு ஏறாது. வருஷத்துக்கு ஒரு தடவை ஊற்றித் தொட்டியை மூடிவிட்டால் போதும். நானும் ஊற்றி மூடிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

சில மாதம் கழித்து, கொழுந்து வந்து குவிகிற நேரமாகப் பார்த்துக் குழாய் ஓட்டையாகி எஞ்சின் நின்றது. மூடியைத் திறந்தால் செங்கல் கரைத்த மாதிரித் தண்ணீர். மருந்தை நான் வெளியே விற்றுவிட்டேன் என்று துரை முடிவே கட்டிவிட்டார். வேலை போனால் நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவும் போகும். வீட்டில் மனைவி நிறைமாதம். தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தேன், அவர் கேட்டால்தானே.

அப்போது தொழிற்சாலை கூட்டும் அக்கா விளக்குமாற்றோடு வந்து நின்றார். என்மேல் அவருக்கு எப்போதும் ஏதாவது குறை இருக்கும்.

"நல்லாக் கேளுங்க தொர. இவரு தொட்டியக் கழுவுனதே இல்லீங்க. ஆயுத பூசைக்கு இவரு பொரி வாங்க அட்டன் போயிருந்தப்ப நாங்க தெறந்து பாத்தோம். சாக்கடையாட்டம் கெடந்துச்சு. சாமி கும்புடுற நாள்ல எஞ்சினுக்கு அந்தத் தண்ணியா? அம்புட்டையும் வெளிய விட்டு, தேச்சுக் கழுவி, நல்ல தண்ணி நெரப்பி, சந்தனப் பொட்டும் வச்சோம்."

துரை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"இவன்கிட்ட ஏன் சொல்லல?" என்று அவர் கேட்டார்.

"சொன்னா வைவாருங்க" என்றார் அக்கா.

வேலை தப்பியது. அடுத்த ஆயுத பூசைக்கு நான் அட்டனுக்கும் போகவில்லை, எங்கேயும் போகவில்லை. தொட்டி மூடிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அக்கா கீழே வாளியோடு நின்று, இப்படியும் ஒரு சோம்பேறி உண்டா என்று எல்லோரிடமும் முறையிட்டார். எவ்வளவு விளக்கியும் பயனில்லை.

என் உண்மையை ஒருவரும் நம்பாத அன்று, என்னை மாட்டிவிட வந்த புகார்தான் என் பிள்ளை பிறக்க ஒரு கூரையை மிச்சம் வைத்தது. அந்த அக்காவை நினைத்தால் இன்றும் பல்லைக் கடித்துக்கொண்டேதான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.