அக்காவின் வீடியோவில் மஞ்சள் சட்டைக்காரி

எங்கள் வீட்டு வீடியோ டெக்கின் மேல் கை வைத்தால் சுடும்...

ஹனோவரில் நாங்கள் இருந்த இரண்டு அறை வீட்டில் அந்த மார்கழி முழுக்க அது ஆறவே இல்லை. யார் வந்தாலும் அம்மா தேத்தண்ணி வைப்பார், அப்பா கசற்றைப் போடுவார். அக்கா பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்திய வீட்டு வீடியோ. இரண்டு மணித்தியாலம்!

அக்காவுக்கு அப்போது பதின்மூன்று வயது. எனக்குப் பதினொன்று. ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்குச் சரியான வயிற்றெரிச்சல்.

வாடகைக்கு எடுத்த மண்டபத்தில், ஆலாத்தித் தட்டுகளுக்கு நடுவே, குனிந்த தலையோடு அவள் வருவாள். வீடியோ எடுத்த அண்ணை அவள் முகத்தை விரிகிற தாமரைக்குள் வைத்து மூன்று தரம் சுழற்றியிருந்தார். அந்த இரண்டு மணித்தியாலத்தில் நான் வருவது ஒரே ஒரு இடத்தில். வாழைப்பழத் தட்டோடு. அதிலும் என் தலை பாதி வெட்டுப்பட்டிருக்கும்.

நத்தார் விடுமுறை, தெருவெல்லாம் கிறிஸ்மஸ் மரம். மற்ற மூன்று பேரும் கடைக்குப் போயிருந்தார்கள். மூக்கு ஒழுகும் தடிமன் என்று என்னை விட்டுவிட்டுப் போனார்கள். ரீவியைப் போட்டால், பழைய ஹொலிவூட் பாட்டுப் படம் ஒன்று. பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால் ஆளாளுக்கு உங்கள் கதையைத் தொடங்கிவிடுவீர்கள்.

ஒரு ரயில் நிலையம். மஞ்சள் சட்டை போட்ட ஒருத்தி. ரயிலைத் தவறவிட்டுவிட்டாள். அழ வேண்டியவள், அடுக்கி வைத்திருந்த பயணப் பெட்டிகளின் மேல் ஏறி ஆடத் தொடங்கினாள்! டக் டக் டக் என்று பெட்டிக்குப் பெட்டி தாவுகிறாள்...

பேசும்போது ஜெர்மன். பாட்டு வந்ததும் திடீரென்று இங்கிலீஷ், குரலும் வேறு. எனக்கு அது இடறவே இல்லை. வீட்டில் ஒரு குரல், பள்ளிக்கூடத்தில் ஒரு குரல் என்று நானும் அப்படித்தானே இருந்தேன்.

பெட்டிகளோடு ரயில் நிலையத்தில் நிற்பதென்றால் அகதியாக வந்த எங்களுக்குப் பயம்தான் ஞாபகம் வரும். பொலிஸ், கடதாசி, அப்பாவின் வியர்த்த கை. இவளுக்கு மட்டும் எங்கேயிருந்து ஆட்டம் வருகிறது? அவள் மேலும் பொறாமை வந்தது. அந்த ஆட்டத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

வெறும் கசற் வீட்டில் இல்லை. டெக்குக்குள் அக்கா இருந்தாள், முதல்நாள் விருந்தினர் தொடக்கத்திலேயே எழும்பிப் போன இடத்தில்.

கசற்றின் ஓரத்தில் சின்னப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே எதையும் பதிய முடியாது. புதுக் கசற்றை உடைக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. சிவப்புப் பொத்தானை அமத்த எனக்கு மனம் வந்தது. தெரியாமல் செய்தேன் என்று இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரிந்துதான் செய்தேன்.

இரண்டு நாள் கழித்து, புதுவருசத்துக்குப் பாரிசிலிருந்து மாமா குடும்பம் வந்தது. அம்மாவின் ஒரே தம்பி. தாய்மாமனாக முன்னால் நிற்க வேண்டியவர். அப்போது விசாக் கடதாசி கிடைக்காததால் சாமத்திய வீட்டுக்கு வர முடியவில்லை. வீடியோவிலாவது பார்க்க வேண்டும் என்று ரீவிக்குப் பக்கத்திலேயே இருந்தார்.

தாமரை விரிந்தது. அக்கா வந்தாள். ஆலாத்தித் தட்டு உயர்ந்தது...

டக் டக் டக்!

"இது ஆரின்ர பிள்ளை, இடையில வந்து ஆடுறது?" என்று மாமி கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா கசற்றை ஓடவிட்டு ஓடவிட்டுப் பார்த்தார். கடைசி வரைக்கும் மஞ்சள் சட்டைதான். வேறு கொப்பியும் இல்லை.

"ஆர் செய்தது?"

அப்பாவின் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. நான் மாமியின் பின்னால் ஒதுங்கினேன்.

"நான்தான் அப்பா," என்றாள் அக்கா. "எனக்கு வெக்கமாக் கிடக்கு. எல்லாருக்கும் போட்டுக் காட்டாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

அம்மா அழுதார். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா டெக்கை நிற்பாட்டக் கையை நீட்டியபோது அக்கா மெல்லமாகச் சொன்னாள், "நிப்பாட்டாதேங்கோ அப்பா. மிச்சத்தையும் பாப்பம்."

பார்த்தோம். முடியும்போது மாமாவின் கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அது அக்காவின் படம் ஆகிவிட்டது. நன்றி வர வேண்டிய இடத்தில் எனக்கு மறுபடியும் பொறாமைதான் வந்தது. பழியைக்கூட எவ்வளவு வடிவாகச் சுமக்கிறாள்! அப்பா கண்ணை மூடும்வரைக்கும் நான் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

இப்போது அந்தப் படம் போனிலேயே கிடக்கிறது. நிறமெல்லாம் துடைத்துப் பளிச்சென்று வைத்திருக்கிறார்கள். நத்தாருக்கு நத்தார் அக்கா வீட்டில் கூடிப் பார்க்கிறோம். பெட்டி ஆட்டம் வந்தால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவருவார். எத்தனை தரம் பார்த்தும் அலுக்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் எதையோ தவறவிட்டவர்கள்தானே... தவறவிட்டவள் ஒருத்தி ஆடினால் எப்படி அலுக்கும்?

அக்கா இந்த வயதில் சப்பாத்துக் காலால் தரையில் தட்டி ஆடும் அந்த ஆட்டத்தைப் பழகுகிறாள். என் மகள் எப்போதும் அவளுக்குப் பக்கத்தில்தான்.

போன நத்தாருக்கு மகளிடம் சொல்லிவிட்டேன். "அந்தப் படத்தைப் பதிஞ்சது பெரியம்மா இல்லை, நான்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நைன், இல்லவே இல்லை அம்மா! உங்களுக்கு அவ்வளவு துணிவு எங்கால? சும்மா பெரியம்மாவில எரிச்சல்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். தள்ளி இருந்து எனக்கு இடம் விட்டாள்.

படம் தொடங்கியது. நேரே ரயில் நிலையம். எங்கள் கசற்றில் அதற்கு முன்னால் பன்னிரண்டு நிமிடம் இருந்தது, குனிந்த தலையோடு பதின்மூன்று வயது அக்கா... அந்தக் கசற்றும் எப்போதோ பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டது.

இன்றைக்கும் படம் தொடங்கும்போது என் கண் முதலில் அந்தக் குனிந்த தலை அக்காவைத்தான் தேடுகிறது.